தண்ணீர் கேட்காத அண்ணாச்சி

பிற்பகல் மூன்று மணிக்கு என் மகள் போர்வை கேட்டாள். சித்திரை வெயில். மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. ஏழு மாத வயிற்றோடு ஒருக்களித்துப் படுத்திருந்தவள், "அம்மா, குளுருது" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோதுதான் கட்டிலின் இரும்புக் கால்கள் தரையில் அதிர்வது கேட்டது. அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன.

அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே அண்ணாச்சியின் குரல் கேட்டது. "தங்கச்சி, தண்ணி வந்துட்டு. பிள்ளைக்கு ரெண்டு டிரம்மையும் நெறச்சுட்டேன்."

அவரைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த மூன்று மணியில் வந்துதான் நிற்கிறேன். உள்ளே மகளின் நடுக்கம். வெளியே டிரம்மில் தண்ணீர் தளும்பி அடங்கும் சத்தம். இரண்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான் இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி எங்கள் வீட்டின் சொந்தக்காரர். மாடியில் அவர், கீழே நாங்கள். நாங்கள் என்றால் நானும் மகளும். என் கணவர் இறந்து வெகுகாலமாகிறது. நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மருமகன் கப்பல்காரர், பாதி வருடம் கடலில் இருப்பார். தலைப்பிரசவத்துக்காக மகள் என்னிடம் வந்திருந்தாள்.

அண்ணாச்சி செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து பிழைக்க வந்து, பழைய துறைமுகத்துக்கு அருகே பலசரக்குக் கடை வைத்து, வயதானதும் கடையை மூடியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் மதுரையில் இருந்தாள். மாடியில் அவருக்குத் துணை என்று சொன்னால் தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும்.

யாரைப் பார்த்தாலும் நல்லா இருக்கியளா என்று கேட்கமாட்டார். "தண்ணி இருக்கா?" என்றுதான் கேட்பார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் அப்படிக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு துக்க வீட்டில், இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது, "வீட்ல தண்ணி இருக்காலே?" என்றார். அந்தப் பையன் அழுதுகொண்டே இல்லை என்று தலையாட்டினான். சுடுகாட்டுக்குப் போனவர்கள் கால் கழுவத் திரும்பும் முன்பே அண்ணாச்சி அனுப்பிய தண்ணீர் வண்டி வாசலில் நின்றது.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் இன்ன நாள், இன்ன நேரம் என்று வராது. வருவதற்கு முன் குழாய்க்குள் காற்று சீறும். அந்தச் சீறல் அவருக்கு மாடியில் படுத்திருந்தாலும் கேட்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கித் தெரு முழுக்கக் குரல் கொடுப்பார். தரைக்குக் கீழே ஒரு தொட்டி, மாடியில் இரண்டு, படிக்கட்டின் அடியில், கழிப்பறைப் பின்னால், மல்லிகைக் கொடி ஓரத்தில் என்று எங்கும் டிரம்கள். எல்லாவற்றின் வாயிலும் தன் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருப்பார். மோந்து மோந்து துணி நடுவே தொங்கி, ஒரு பக்கம் கிழிந்து, குவளை போகிற அளவுக்குத் திறந்திருக்கும். மூடியிருக்கிறது என்றுதான் அவருக்கு நினைப்பு. எங்களுக்கும் அதே நினைப்புதான்.

எதிர்வீட்டில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா அவரைச் சீண்டுவாள். "அண்ணாச்சி, ஒங்களப் பாடையில வைக்க மாட்டோம். டிரம்முலதான் வச்சுத் தூக்குவோம்."

"தூக்கு. தண்ணியச் சிந்திராமத் தூக்கு, அது போதும்" என்பார் அவர்.

அந்த அக்காவுக்கே ஒருநாள் மாவு அரைக்கத் தண்ணீர் இல்லாதபோது குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றியவரும் அவர்தான். உப்பளத்துக்குப் போகிற லாரியை நிறுத்தி, மேலே உட்கார்ந்திருக்கும் பெண்களின் பாட்டில்களை வாங்கி நிறைத்துக் கொடுப்பார். ஆனால் நான் வாசலில் ஸ்கூட்டரைக் கழுவினால் மேலிருந்து இருமல் கேட்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நான் குழாயை மூடிவிடுவேன்.

தண்ணீர் கொடுக்கிற அவர் யாரிடமும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். இது எனக்குத் தெரியவே சில காலம் பிடித்தது. எங்கள் வீட்டில் காபி குடிப்பார். முறுக்கு தின்பார். முறுக்கு தொண்டையில் அடைத்து விக்கினாலும், நான் செம்பை நீட்டினால் கையைக் காட்டிவிட்டு மாடிக்கு ஏறிப் போய்த் தன் பானையில் குடித்துவிட்டு வருவார். ஏதோ சாதி ஆசாரம் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு கசப்பு இருந்தது.

மகள் பிரசவத்துக்கு வந்த வாரம், புது நீல டிரம் இரண்டை வாங்கி வந்து அவளுடைய அறை ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தார். வேட்டித் துணியைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எம் மக பொறந்த அன்னைக்கு வீட்ல ஒரு சொட்டு தண்ணி கெடையாது தங்கச்சி. மருத்துவச்சி உள்ளேருந்து தண்ணி தண்ணின்னு கத்துதா. பக்கத்து வீட்ல போயி நின்னேன். எங்களுக்கே இல்லைன்னுட்டா. அவ முதுகுக்குப் பின்னால நெறகொடம் அடுக்கி வச்சிருக்கு, என் கண்ணுக்குத் தெரியுது. உப்புக் கெணத்துத் தண்ணியிலதான் எம் பிள்ளையக் கழுவுனோம். அன்னைக்கு முடிவு பண்ணுனேன். இனி ஒருத்தங்கிட்ட தண்ணி கேக்கப்பிடாது. எவன் கேட்டாலும் இல்லைன்னு சொல்லப்பிடாது."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, டிரம்மை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "பிள்ளத்தாச்சி இருக்க வீடு. நெறஞ்சு கெடக்கணும்."

என் கசப்பு அன்றோடு போயிற்று.

முதலில் சொன்ன அந்த மூன்று மணிக் குளிர் அன்று சாயங்காலம் காய்ச்சலாகி, பிறகு வேர்வையாகிப் படுக்கை நனைந்து, விடிந்தபோது ஒன்றுமே நடக்காததுபோல் மகள் தோசை கேட்டாள். நீர்க்கடுப்பாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் நன்றாக இருந்தாள். மறுநாள் பிற்பகல் மறுபடியும் கட்டில் கால் அதிர்ந்தது. மூன்றாவது முறையும் அதே வேளைக்கு வந்தபோது, எங்கள் பிரசவ டாக்டரம்மா விரல் நுனியில் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மலேரியா.

நம் ஊரில் இன்னும் அது இருக்கிறதா என்று கேட்டேன். டாக்டரம்மா என் மகளின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை. "ஏற்கெனவே ரத்தம் கம்மி. இது வந்து இருக்கதையும் தின்னுட்டு இருக்கு. பிள்ளைக்குப் போகவேண்டியது சரியாப் போகல. அதான் எடை ஏறல" என்றார். குறைமாதத்தில் பிறக்கலாம், சின்னதாகப் பிறக்கலாம், கவனிக்காமல் விட்டால் இதைவிட மோசமாகவும் ஆகலாம் என்றார். மகள் அந்த 'மோசம்' என்ன என்று கேட்கவில்லை. சின்னப் பிள்ளைபோல் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை இருக்குல்லா டாக்டர்?"

"இருக்கு. ரத்தத்துல இருக்க கிருமிய இது கொன்னுடும். ஆனா இந்த வகைக் கிருமி கொஞ்சம் ஈரலுக்குள்ள போய்த் தூங்கும். எப்ப வேணா எந்திரிச்சு வரும். அதக் கொல்ல வேற மாத்திரை. அத இப்பக் குடுக்க முடியாது. வயித்துப் பிள்ளையோட ரத்தத்த அது ஒடச்சிரும்."

"பிரசவம் ஆனதும் குடுத்திரலாமா?"

"பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆறு மாசமாவது ஆகட்டும்மா. பொறவு தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டுக் குடுக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"கொசு கடிக்காமப் பாத்துக்கிடுங்க. குளிர் வந்தா அன்னைக்கே வாங்க."

நோய்க்கு மருந்து இல்லை என்றால் அழுது தீர்த்துவிடலாம். மருந்து இருக்கிறது, கடையில் இருக்கிறது, ஆனால் மகளுக்குக் கொடுக்கக்கூடாது. பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை கூடாது, மார்பில் இருக்கும்போதும் கூடாது. அந்தப் பிள்ளைக்காகத்தான் இத்தனை பாடும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பிள்ளைதான் குறுக்கே நின்றது. அதைச் சொல்லவும் வாய் வராது.

அந்த வாரமே மாநகராட்சியின் கொசு ஒழிப்பு வேலையில் இருக்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். காய்ச்சல் கண்ட வீடு என்று தகவல் போயிருந்தது. ஜன்னலடி டிரம்மின் துணியை விலக்கி டார்ச் அடித்தாள் ஒருத்தி. நானும் எட்டிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். மேலே நூல் துணுக்குகள்போல ஏதோ படுத்துக் கிடந்தன. அவள் விரலால் தொட்டதும் துள்ளி விலகின.

"அண்ணாச்சி, இந்தத் தண்ணியக் கொட்டணும். மேல உள்ள தொட்டியும் பாக்கணும்."

"என்னத்துக்கு?"

"கொசுப்புழு இருக்கு."

"சாக்கடையில போய்த் தேடு தாயி. நல்ல தண்ணியில கொசு எப்படி வரும்?"

"மலேரியாக் கொசு நல்ல தண்ணியிலதான் வரும்."

"ஓகோ, அதுக்கும் ருசி தெரியுமோ" என்று சிரித்தார் அண்ணாச்சி. அவர்கள் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. டிரம்முக்கும் அவர்களுக்கும் நடுவே வந்து நின்று, பின்னால் கையை விட்டு அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளத்தாச்சி வீட்டுத் தண்ணியக் கொட்டச் சொல்லுதிய. இனி எப்ப வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா? வலி கண்டு தண்ணி இல்லைன்னா நீங்களா கொண்டாருவிய?"

மருந்தாவது விடுகிறோம் என்றார்கள். குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று அதற்கும் விடவில்லை. பிறகு வருகிறோம் என்று போனார்கள். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல் இருந்தது. வீடு மாறிவிடலாம் என்று யோசித்தேன். இந்த வயிற்றோடு அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்கேயும் குழாய் சீறும், அங்கேயும் டிரம் இருக்கும்.

மகள் கட்டிலில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அம்மா, அந்தக் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்ல டிரம்முத் தண்ணிய மோந்து, வாயில துணியக் கட்டி தாத்தாகிட்டக் குடு" என்றாள்.

"குடுத்து என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. பிள்ள குடுத்துச்சுன்னு சொல்லு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஏதோ சுவாமி தீர்த்தத்தை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கித் தன் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் பாட்டிலோடு இறங்கி வந்தார். துணிக்குக் கீழே, கண்ணாடியின் உட்புறத்தில், மெலிந்த கொசுக்கள் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றன. வேறெங்கிருந்தும் வந்திருக்க வழியில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு வலையடித்த ஜன்னல் வழியே உள்ளே படுத்திருந்த என் மகளைப் பார்த்தார். பாட்டிலை மெல்லத் தரையில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதலில் நீல டிரம். இரண்டு கையையும் கொடுத்துச் சாய்த்தார். தண்ணீர் முற்றத்தைத் தாண்டி வாசல்படி வழியாகத் தெருவுக்கு ஓடியது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. இட்லிக்கடை அக்கா குடத்தோடு ஓடிவந்தாள். "அண்ணாச்சி, கிறுக்குப் பிடிச்சிட்டா? எங்கிட்டயாவது குடுக்கப்பிடாதா?"

"வேண்டாம்ளா. ஒங்க வீட்லயும் பிள்ளைய இருக்கு."

தரைத்தொட்டிக்குள் அவரே இறங்கி வாளியால் இறைத்தார். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். காதில் வாங்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது தெருவே நனைந்து கிடந்தது. அவர் ஈரவேட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. முகமெல்லாம் தண்ணீராக இருந்தது. மறுநாள் மாடிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். போகும்போது 'தண்ணி இருக்கா' என்று கேட்கவில்லை.

ஆனித் தொடக்கத்தில், நாள் நிறையும் முன்பே பேத்தி பிறந்தாள். என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த அளவுதான் இருந்தாள். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், மகளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிள்ளையின் குதிகாலில் குத்தி மலேரியா இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை என்று வந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

மதுரையிலிருந்து அண்ணாச்சி போன் செய்வார். "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்றால் வைத்துவிடுவார். அவருடைய பழைய கேள்வி இருந்த இடத்தில் இப்போது இது வந்து உட்கார்ந்திருந்தது.

வீட்டில் ஜன்னல்களுக்கெல்லாம் வலை. கட்டிலுக்கு மேலும் வலை. அதற்குள்ளே தாயும் பிள்ளையும். "அம்மா, கட்டுமரத்துக்காரன்கூட வாழ்நாள்ல இத்தனை வலை பாத்திருக்க மாட்டான்" என்றாள் மகள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் சொட்டு நீர் நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். பூந்தொட்டித் தட்டுகளைக் குப்பை வண்டியில் போட்டேன். அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து மூன்று மணி கடக்கிறவரை கட்டிலின் பக்கத்திலேயே, அதன் கால்மேல் கைவைத்து உட்கார்ந்திருப்பேன்.

ஆவணியில் அது என் கைக்குள்ளேயே அதிர்ந்தது.

பிள்ளை மார்பில் இருந்தாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, பிள்ளையப் பிடி, கீழ போட்டுருவேன்" என்றாள். சாகுபுரத்திலிருந்து சம்பந்தியம்மா போனில், "பால் கட்டியிருக்கும். பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான் குளுரும். காத்துப் படாமக் கதவ அடச்சு, ஒத்தடம் குடுங்க" என்றார். அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எத்தனை வீடுகளில் அந்த வார்த்தையை நம்பிக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்திருப்பார்களோ. நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். ரத்தத்தில் மறுபடியும் அதேதான். அதே கசப்பு மாத்திரை. பால் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. ஈரலுக்குள் தூங்குவதற்கான மாத்திரை மட்டும் இன்னும் கூடாது.

அன்று அண்ணாச்சியின் போன் வந்தது. "காய்ச்சல் இருக்கா?"

"வந்துட்டு அண்ணாச்சி."

"எல்லாத் தண்ணியையும் கொட்டிட்டேனே தங்கச்சி. பொறவு எங்கேருந்து வந்துச்சு?"

அது வெளியிலிருந்து வரவில்லை, முதலில் வந்ததே உள்ளே ஒளிந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் கொட்டுனது பிந்திட்டு" என்றார். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. நான் செய்தபோது எடுக்கவும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பிள்ளை மட்டும் மெதுவாகச் சதைபிடித்தாள். ஆறு மாதம் முடிந்ததும் இருவருக்கும் ரத்தம் பார்த்தார்கள். ஈரலுக்கான அந்தப் பதினான்கு நாள் மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்றார்கள். தினம் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் அதை விழுங்கும்போது அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். முதல் வாரம் போயிற்று. சிறுநீரின் நிறம் கறுக்கிறதா, கண் மஞ்சளாகிறதா என்று கவனித்தபடி இரண்டாவது வாரமும் பாதி போயிற்று.

அன்று மழைவிட்டு வெயில் அடித்த காலை. மகள் வலையை விட்டு வெளியே வந்து, வாசல் நிலையில் சாய்ந்து பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

கேட்டுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. தோளில் பை, கையில் வாழைப்பழச் சீப்பு. மதுரை பஸ்ஸில் வந்த களைப்பு. தன் சொந்த வீட்டு கேட்டை அண்ணாச்சி திறக்காமல் நின்றார். ஜன்னலடியைப் பார்த்தார். அங்கே நீல டிரம் இல்லை. இறுக்கி மூடிய சின்னத் தொட்டி ஒன்று இருந்தது. பிறகு மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். முன்னைவிட வற்றியிருந்தார். அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றேன். கால் நகரவில்லை.

மகள்தான் பேசினாள். பிள்ளையின் கையைத் தூக்கி அவரை நோக்கி ஆட்டிக்கொண்டே, அவர் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த அதே தொனியில் கேட்டாள்.

"தாத்தா, தண்ணி இருக்கா?"

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல தாயி" என்றார். "குடிக்க ஒரு செம்பு தா."